முத்திரை இல்லாத பாட்டு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்து வழக்கம். அவ்வழக்கத்துக்கு மாறாக இன்று நாம் சட்டம் பேச வந்திருக்கிறோம். அதுவும் பதிப்புரிமைச் சட்டம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இந்தக் கரக்பூர் நிலையத்துப் பார்சல் ஆபீசில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரசீது எழுதிவரும் நமக்கு இது சற்றே மிகைப்பட்ட துணிவுதான். முன் வரிசையில் வீற்றிருக்கும் வக்கீல் நண்பர் பிழை காணின் பொறுத்தருள்க. கூட்டம் முடிந்தபின் திருத்துக. ஆயினும் ஒன்று கூறுவோம். இப்பொருளை நாமாகத் தேடிச் செல்லவில்லை. சென்ற பொங்கல் விழாவன்று அதுவே நம்மைத் தேடி இம்மேடைக்கு வந்தது.

அன்று நிகழ்ந்ததை அறிந்தோர் இங்குப் பலர் உள்ளீர். அறியாதார் பொருட்டுச் சுருங்கக் கூறுகிறோம். நம் சங்கத்தில் முப்பது ஆண்டுக் காலம் கடவுள் வாழ்த்துப் பாடிய அம்மையார் ஒருவர் இருந்தார். ரயில்வே கார்டு ஒருவரின் இல்லத்தரசி. சபைகளில் கச்சேரி செய்தவரல்லர். ஆயினும் சுருதி பிசகாத குரல். ஒலிபெருக்கி பழுதுபட்ட நாட்களிலும் கடைசி வரிசைக்கு எட்டிய குரல். அவர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அவர் பாடியவை பழைய ஒலிநாடாக்களாகச் சங்க அலமாரியில் இருக்கின்றன. சென்ற பொங்கலுக்கு நம் இளைஞர் சிலர் அந்நாடாக்களைக் கணிப்பொறியில் ஏற்றினர். செயற்கை நுண்ணறிவுப் பொறிக்கு அக்குரலைப் பயிற்றினர். அவ்வம்மையார் வாழ்நாளில் பாடியறியாத ஒரு வரவேற்புப் பாடலை அவர் குரலிலேயே பாடச் செய்தனர். மெட்டும் பொறியுடையது, சொற்களும் பொறி தந்தவை. தலைமை விருந்தினரின் பெயர் ஒன்றே நாம் கொடுத்தது. செயற்குழுவில் இதற்கு "ஆகட்டும்" என்று தலையசைத்தோருள் நாமும் ஒருவர்.

பாட்டு ஒலித்தது. மண்டபம் அதிரக் கைதட்டினோம். முதியோர் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த அவ்வம்மையாரின் மகள் மட்டும் பாட்டு முடியுமுன் எழுந்து வெளியே சென்றுவிட்டார். மறுநாள் மாலை செயலாளரின் இல்லத்துக்கு வந்தார். நாமும் அங்கிருந்தோம். அவர் சினந்து பேசவில்லை. "அம்மா அந்தப் பாட்டைப் பாடவில்லையே, மாமா. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அம்மா எந்தச் சொல்லையும் நடுவில் உடைத்துப் பாடமாட்டாள். அது உடைத்துப் பாடிற்று" என்றார். நாம் இருவரும் விடையின்றி இருந்தோம். செயலாளரின் மனைவியார் காப்பி கொண்டுவந்து வைத்தார், அதுவும் ஆறிப்போயிற்று.

அன்று வெளியே தெரியாமற் போன மற்றொன்றும் உண்டு. ஆண்டுதோறும் நம் வரவேற்புப் பாடலுக்கு மெட்டமைப்பவர், ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நம் ஹார்மோனிய வித்துவான். சங்கம் அவருக்கு ஒரு வேட்டியும் 1500 ரூபாயும் தருவது வழக்கம். சென்ற பொங்கலுக்கு அவரை அழைக்கவில்லை. அவர் வழக்கம்போல் வந்து, பின் வரிசையில் அமர்ந்து, பாட்டைக் கேட்டு, கைதட்டிவிட்டுப் போனார்.

ஆகவே நம் உள்ளத்தில் எழுந்த வினா இதுதான்: அந்தப் பாட்டு யாருடையது?

பார்சல் ஆபீசில் இவ்வினா நாள்தோறும் எழும். ஒரு மூட்டை வந்தால் முதலில் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாரோம். அனுப்புநர் யார், பெறுநர் யார், மார்க்கா என்ன என்று பார்ப்போம். இம்மூன்றும் இல்லாத மூட்டையைத் தராசில் ஏற்றுவதில்லை. வழியில் சீட்டுக் கிழிந்து உரியவர் தெரியாமற் கிடக்கும் மூட்டைக்குத் தனிப் பதிவேடு உண்டு. குறித்த காலம் வரை காத்திருந்து, ஒருவரும் வாராவிடில் ஏலத்துக்கு விடுவோம். சென்ற பொங்கலன்று ஒலித்த பாட்டு அப்படிச் சீட்டுக் கிழிந்த மூட்டையாகவே நமக்குத் தோன்றிற்று. ஆனால் உள்ளே இருந்த பொருளோ பலருடையது.

நம் முன்னோர் பாட்டைச் சீட்டின்றி அனுப்பியவரல்லர். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாட்டில் தம் பெயரையும் ஊரையும் வைத்துப் பாடினார். அதற்குத் திருக்கடைக்காப்பு என்றே பெயர் வழங்குகிறது. தியாகராசர் தம் பெயரையும், முத்துசாமி தீட்சிதர் 'குருகுக' என்பதையும், சியாமா சாஸ்திரியார் 'சியாம கிருஷ்ண' என்பதையும் தம் கீர்த்தனைகளில் முத்திரையாகப் பதித்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவி என்னும் ஒருத்தி ஆடுவதற்கு ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என அறுவரின் இலக்கணத்தையும் இளங்கோவடிகள் தனித்தனியே நிறுத்திக் கூறுகிறார். அக்காலத்தில் பதிப்புரிமை என்னும் சொல் இல்லை. இன்ன பகுதி இன்னாருடையது என்னும் அறிவு இருந்தது.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய அந்த வழியிலேயே செல்கிறது. 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1958 சனவரி 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது பதிப்புரிமைச் சட்டம். (பலர் இதனைக் காப்புரிமை என்கின்றனர். அது புதுக் கருவி கண்டுபிடித்தோர்க்கு உரியது, இது வேறு.) ஒரு பாடலில் சொற்களுக்கு உரியவர் ஒருவர், இசைக்கு உரியவர் மற்றொருவர், பதிவு செய்த ஒலிக்கு உரியவர் பிறிதொருவர். பாடுவோர்க்கு உரிமை என ஒன்று முதலில் இல்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தமே அதனைத் தந்தது. அத்திருத்தத்துக்கு முன்னர், இசை என்றால் எழுத்தில் குறிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்றும் சட்டம் கூறிற்று. சுரம் எழுதத் தெரியாமல் காதால் கேட்டு மெட்டுக் கட்டிய நம் ஹார்மோனிய வித்துவானைப் போன்றோரை அச்சட்டம் கண்டுகொள்ளவே இல்லை எனலாம். 2012இல் மற்றொரு திருத்தம் வந்தது. திரைப்படத்துக்குப் பாட்டெழுதியோரும் இசையமைத்தோரும், பாடல் கொட்டகைக்கு வெளியே ஒலிக்கும்போது கிடைக்கும் உரிமைத் தொகையில் தமக்குள்ள பங்கை எழுதிக் கொடுத்துவிட இயலாது என்று அது விதித்தது. வறுமையால் கையெழுத்திட்டோர் பலரைக் கண்டபின் வந்த விதி அது.

இராகத்துக்கு உரிமை கோர ஒருவராலும் இயலாது. மோகனமும் கல்யாணியும் அனைவர்க்கும் பொது. ஆனால் அந்த இராகத்தில் ஒருவர் கட்டிய உருப்படி அவருடையது. எல்லை எங்கே என்பதில் மனிதர்க்குள்ளேயே வழக்கு ஓயவில்லை. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்துப் பாடல் ஒன்று தம் குடும்பத்து 'சிவ ஸ்துதி'யின் வழிவந்தது என்று தாகர் மரபினர் டில்லி உயர்நீதிமன்றம் சென்றனர். 2025 ஏப்ரலில் ஒரு நீதிபதி அவர்கள் பக்கம் இடைக்கால ஆணை தந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்ந்த மன்று அதனை நீக்கிற்று. எவ்வாறாயினும், அவ்வழக்கில் இரு பக்கத்திலும் மனிதர் நின்றனர்; கேட்க ஆள் இருந்தது, விடை சொல்லவும் ஆள் இருந்தது.

இவ்விடத்து வங்காள நண்பர்களிடையே வாழும் நாம் இரு பெருங்கவிஞரை ஒப்பிட்டு எண்ணுதல் இயல்பு. நம் பாரதியாரின் பாடல்களை ஒலிபரப்பும் உரிமை ஒரு வணிகரிடம் சென்று, அவரிடமிருந்து ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. அவர் அதனை விலையின்றி அளிக்க, சென்னை அரசு 1949இல் பாரதியின் நூல்களுக்கு உரிமை பெற்றது. 1955இல் அவற்றை மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கிற்று. இரவீந்திரர் 1941இல் மறைந்தார். அக்காலச் சட்டப்படி ஐம்பது ஆண்டுகளில், அதாவது 1991இல், உரிமை முடிய வேண்டும். அதற்குள் காலவரையறையை அறுபது ஆண்டுகளாக நீட்டினர்; ஆகவே 2001 முடிய அவ்வுரிமை விசுவபாரதியிடமே இருந்தது. இரவீந்திர சங்கீதத்தை இன்னவாறு பாடவேண்டும் என்று அங்குள்ள இசைக் குழு ஒப்புதல் தந்தாலன்றி இசைத்தட்டு வெளிவாராது. தேவவிரத விசுவாசர் போன்ற பெரும் பாடகரே அதனால் மனம் நொந்ததுண்டு. எம் அலுவலகத்து வங்காளத் தோழர்கள் இன்றும் தேநீர் வேளையில் இதைப்பற்றி இரு கட்சியாய் வழக்காடுவர். பூட்டியது தகுமா, திறந்தது தகுமா என்பது அவரவர் கருத்து. பூட்டவும் திறக்கவும் ஒரு சாவி இருந்தது. அது ஒருவர் கையில் இருந்தது என்பதே நாம் இங்குக் காட்ட விரும்புவது.

இனிப் பொறிக்கு வருவோம்.

கணிப்பொறி வழியாகத் தோன்றும் படைப்புக்கு ஆசிரியர் யார்? நம் சட்டம் இதற்கு 1994லேயே ஒரு விடை எழுதி வைத்தது: அப்படைப்பு உண்டாகக் காரணமாக இருந்தவர். இங்கிலாந்தில் 1988லேயே இதைப் போன்ற விதி எழுதினர். அந்நாளில் கணிப்பொறி என்பது, கையில் பிடித்த தூரிகையைப் போல, ஆள்வோன் சொன்னதைச் செய்யும் கருவி. ஆகவே விடை எளிதாயிருந்தது. இன்றோ, "பொங்கலுக்கு ஒரு வரவேற்புப் பாட்டு, மங்கலமாக, நாதசுவரத்தோடு" என்று ஒருவர் ஒரு வரி எழுதுகிறார். அரை நிமிடத்தில் பாட்டு வருகிறது. காரணமாக இருந்தவர் யார்? ஒரு வரி எழுதிய நம் இளைஞரா? பொறியைச் செய்த நிறுவனமா? அப்பொறி கேட்டுக் கேட்டுப் பயின்ற எண்ணற்ற பாடகரும் வாத்தியக்காரரும் ஆகியோரா? இதற்கு நம் நாட்டு உயர்ந்த மன்றங்கள் இன்னும் முடிந்த தீர்ப்பு ஒன்றும் தரவில்லை. 2020இல் ஓர் ஓவியத்துக்குப் பொறியையே இணையாசிரியராகப் பதிவு செய்து தந்தது நம் நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம். பின்னர் அப்பதிவைத் திரும்பப் பெறுவதாக அதுவே அறிவிப்பு அனுப்பிற்று. தவறாக எழுதிய ரசீதை அடித்துத் திருத்தும் துன்பம் எமக்குத் தெரியும். ஆதலால் இதைக் கேட்டு நாம் நகைக்கவில்லை.

அமெரிக்காவில் நிலைமை சற்றுத் தெளிவு. தம் பொறியே தனித்து வரைந்ததற்கு உரிமை வேண்டிய ஸ்டீபன் தேலர் என்பவரின் வழக்கில், ஆசிரியர் என்பவர் மனிதராக இருத்தல் வேண்டும் என்று 2025 மார்ச்சில் வாஷிங்டன் மேன்முறையீட்டு மன்றம் கூறிற்று. பொறிக்கு ஒரு வரிக் கட்டளை இடுவது மட்டுமே ஒருவரை ஆசிரியராக்காது என்று அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகமும் அதே ஆண்டு சனவரியில் அறிக்கை தந்தது. அதன்படி பார்த்தால் நம் பொங்கல் பாட்டு ஒருவருக்கும் உரியதன்று. யார் வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளலாம். ஏலத்துக்கு வந்த மூட்டை!

ஆனால் அதனுள்ளே இருந்த பொருள் எங்கிருந்து வந்தது? இதுவே நடுவான சிக்கல். பொறி, பாடல்களை எண்களாக மாற்றிக்கொள்கிறது. எந்த ஒலியின்பின் எந்த ஒலி வருதல் கூடும் என்பதனை இலட்சக்கணக்கான பாடல்களிலிருந்து கணக்கிட்டுப் பழகுகிறது. பழகியபின் தானே கோத்துத் தருகிறது. பாடல்களை நாங்கள் பெட்டியில் அடுக்கி வைத்துக்கொள்ளவில்லை என்பது பொறி செய்தோரின் வாதம். 2024 சூன் மாதத்தில் அமெரிக்காவின் மூன்று பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள், சூனோ, யூடியோ என்னும் இரு பாட்டுப் பொறி நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுத்தன. 2025 அக்டோபரிலும் நவம்பரிலும் அவற்றுள் இரண்டு நிறுவனங்கள் அப்பொறி நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டன. யானைகள் போரிட்டன, யானைகள் கைகுலுக்கின. இடையில் நின்ற பாடகருக்கு என்ன கிடைக்கும் என்பதை அவ்வுடன்பாடுகளை எழுதியோரே அறிவர். செருமனியிலோ, பாடலாசிரியர் கூட்டமைப்பாகிய கேமா தொடுத்த வழக்கில் மியூனிக் நகர நீதிமன்றம் 2025 நவம்பர் 11ஆம் நாள் வேறொன்று கூறிற்று. பாட்டின் வரிகளைக் கேட்டவுடன் அப்படியே ஒப்பிக்கும் பொறி, அவற்றை உள்ளே வைத்திருக்கிறது என்றே பொருள். அது உரிமை மீறல் என்றது. முதல்நிலை மன்றத்தின் தீர்ப்புத்தான். ஆயினும் 'பெட்டியில் இல்லை' என்னும் வாதத்தை ஒரு மன்றம் திறந்து பார்த்தது என்னும் அளவில் நமக்கு அது பெரிதாகத் தோன்றுகிறது.

இளைஞர்கள் நம்மை ஒரு கேள்வி கேட்டனர். நேர்மையான கேள்வி. "மனிதனும் பிறர் பாடியதைக் கேட்டுத்தானே பாடக் கற்கிறான்? அவன் யாருக்குப் பணம் கட்டினான்?" என்றனர். இரண்டு நாள் இதற்கு நம்மிடம் விடையில்லை. பின்னர்த் தோன்றியதைச் சொல்கிறோம். கேட்டுக் கற்ற மாணவன் ஒரு நாளில் ஓர் அரங்கில் பாடுவான். குருவின் பெயரைச் சொல்லித் தொடங்குவான். தட்சிணை கொடுப்பான், கொடாவிட்டாலும் குருவின் வீட்டுக்குத் தண்ணீராவது எடுத்து வைத்திருப்பான். அவன் குருவின் உருப்படியைத் தன்னுடையது என்றால் நேரே போய்க் கேட்கலாம். பொறியோ ஒரே நேரத்தில் ஓரிலட்சம் பேருக்குப் பாடுகிறது. யாரிடம் கற்றது என்று அதற்கே தெரியாது. கற்பித்தோர் பதின்மராயினும் பத்துக் கோடியாயினும், அவர்களுக்குத் தட்சிணை போவதற்கு வழியில்லை. வேறுபாடு கற்பதில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

அக்கணக்கை எவ்வாறு எழுதுவது என்று நம் நாட்டு அரசும் ஆராய்ந்து வருகிறது. 2024இல் ஒரு செய்தி நிறுவனம் டில்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2025இல் இசைத்தட்டு நிறுவனங்களும் தங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டின. நடுவண் அரசு அமைத்த குழு 2025 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் இது: முறையாகக் கிடைக்கும் படைப்புகளைப் பொறிக்குப் பயிற்றலாம், படைத்தோர் 'கூடாது' என்று மறுக்க இயலாது, ஆனால் பொறி நிறுவனம் தன் வருவாயில் ஒரு பகுதியைக் கட்டவேண்டும், பொது அமைப்பு ஒன்று அதைத் திரட்டிப் படைத்தோர்க்குப் பங்கிடும். இதனை முற்றும் தள்ளுதற்கில்லை. ஒன்றும் கிடையாமையினும் ஒரு பங்கு நன்று. ஆனால் இருப்புப் பாதைக்கு நிலம் எடுத்த கதைகளை நாம் கேட்டு வளர்ந்தவர்கள். நிலம் கேட்காமல் எடுக்கப்பட்டது, ஈட்டுத் தொகை பத்திரம் வைத்திருந்தவர்க்கு வந்தது, உழுதவர்க்கு வரவில்லை. தஞ்சைப் பக்கத்துக் கோயிலில் நாதசுவரம் வாசிப்பவரின் ஒலி யாரோ ஒருவரின் கைப்பேசியில் பதிவாகி, உலகெங்கும் சென்று, பொறிக்குள்ளும் புகுந்துவிடுகிறது. அவரிடம் பத்திரம் ஏது? பங்கிடும் அமைப்பின் பதிவேட்டில் அவர் பெயரை எழுதப் போவது யார்? குழு உறுப்பினரை நேரில் கண்டால் நாம் கேட்க விரும்பும் கேள்வி இது ஒன்றே.

இத்தனைக்கும் பிறகு, அந்த மகள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. அவர் பணம் கேட்கவில்லை. மெட்டைப் பற்றியும் கேட்கவில்லை. தாயின் குரலைப் பற்றிக் கேட்டார்.

குரல் என்பது சட்டத்தின் கண்ணில் நூலன்று, இசையன்று, ஓவியமன்று. ஆகவே பதிப்புரிமைச் சட்டத்தில் குரலுக்கென்று தனி இடமில்லை. பாடிய பாட்டுக்குப் பாடியவர்க்கு உரிமை உண்டு. அவ்வுரிமை, பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கம் முதல் ஐம்பது ஆண்டுகள். கணக்கு நம் தொழிலாதலின் போட்டுப் பார்த்தோம். அம்மையார் 1996 பொங்கலில் இம்மேடையில் பாடியதற்கு 2046 முடிய உரிமை உண்டு. அவர் மறைந்தாலும் அது மறையவில்லை. மேலும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பாடியவர் பெயரை மறைத்தலும், அவர் புகழுக்கு இழுக்கு வரும்படி அவர் பாடியதைச் சிதைத்தலும் கூடா என்று கூறுகிறது. ஆனால் பாடியதை நகல் எடுக்காமல், அதிலிருந்து குரலை மட்டும் பயின்று, பாடாததைப் பாடவைத்தால்? 1994லும் 2012லும் சட்டம் எழுதியோர் கனவிலும் இதனைக் கண்டிரார்.

இவ்விடைவெளியை நீதிமன்றங்கள் இப்போது வேறு வழியில் அடைத்து வருகின்றன. 2024 சூலையில் அரிஜித் சிங் என்னும் பாடகர் பம்பாய் உயர்நீதிமன்றம் சென்றார். தம் குரலைப் போலவே பாடும் பொறிகளை ஒருவரும் தம் இசைவின்றி நடத்தலாகாது என்று வேண்டினார். மன்றம் அவர் வேண்டியபடி இடைக்காலத் தடை விதித்தது. ஒருவரின் பெயரும் முகமும் குரலும் அவருடைய ஆளுமையின் பகுதி. அவற்றை அவர் இசைவின்றிப் பொறியில் வார்த்தெடுத்தல் தகாது என்பது அதன் கருத்து. 2025இல் ஆஷா போஸ்லே அவர்களுக்கும் அம்மன்றம் அவ்வாறே காப்பளித்தது.

வாழ்வோர் மன்றம் ஏறலாம். மறைந்தோர்? 2024இல் வெளிவந்த 'லால் சலாம்' என்னும் படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரலையும் பொறிவழி மீட்டு ஏ. ஆர். இரகுமான் ஒரு பாடல் அமைத்தார். அக்குடும்பத்தாரிடம் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். அதே ஆண்டில், பாலசுப்பிரமணியம் அவர்களின் குரலைத் தெலுங்குப் படம் ஒன்றில் கேளாமல் ஆக்கினர் என்று அவர் மகன் சட்ட அறிவிப்பு அனுப்ப நேர்ந்தது. இரு செயலிலும் பொறி ஒன்றே. முன்னதில் கதவைத் தட்டிவிட்டு உள்ளே சென்றனர். நாம் சென்ற பொங்கலுக்குத் தட்டவில்லை.

செயற்குழுவில் ஒரு நண்பர் நம்மைத் தேற்ற முயன்றார். நம்மைப் போன்ற மன்றங்கள், கட்டணமின்றிக் கூடியோர் முன்னிலையில் பிறர் பாடலை இசைத்தால் குற்றமில்லை என்று சட்டத்தின் 52ஆம் பிரிவிலேயே உள்ளது என்றார். உண்மை; உள்ளது. அதனால்தான் ஆண்டுதோறும் நம் குழந்தைகள் திரைப்பாடலுக்கு ஆடியும் நாம் வழக்கின்றி வாழ்கிறோம். ஆனால் அப்பிரிவு பிறர் பாட்டை நாம் பாடுவதற்கு. பிறர் குரலை நாம் பேசவைப்பதற்கு அன்று. அன்றியும், அந்த மகள் வக்கீல் அறிவிப்பு அனுப்பியிருந்தால் பிரிவுகளைப் புரட்டலாம். அவர் "மாமா" என்றல்லவா அழைத்தார்!

இவ்வளவும் சொன்னதால் நாம் பொறிக்குப் பகைவர் என்றோ, இளைஞரைக் கடிந்தோம் என்றோ கொள்ளற்க. தலையசைத்த முதியோரே முதற் பிழையினர். அன்றியும் அதே இளைஞர், அதே பொறிகொண்டு, பழைய நாடாக்களின் இரைச்சலை நீக்கித் தந்தனர். 2023இல் பீட்டில்ஸ் குழுவின் பழைய நாடா ஒன்றிலிருந்து, மறைந்த ஜான் லென்னனின் குரலைப் பியானோ ஒலியினின்று பிரித்தெடுத்தது போன்ற வேலைதான் இது. 1996ஆம் ஆண்டு நாடாவில் மின்விசிறி ஓசையில் மூழ்கிக் கிடந்த கடவுள் வாழ்த்து இப்போது தெளிவாகக் கேட்கிறது. நடுவில் ஓரிடத்தில் அம்மையார் மெல்ல இருமுகிறார். அந்த இருமலை நீக்கவா என்று இளைஞர் கேட்டனர். மகள், வேண்டாம் இருக்கட்டும் என்றார்.

ஆகவே செயற்குழு கூடி ஒரு படிவம் அச்சிட்டிருக்கிறது. பார்சல் ஆபீஸ் படிவத்தைப் பார்த்து நாமே கோடு போட்டது; அழகிராது. சங்கத்துக்கு ஒலிநாடாவோ பதிவோ தருவோரிடம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். பாடியவர், இயற்றியவர், மெட்டமைத்தவர் பெயர் யாவை? இப்பதிவைச் சங்க விழாக்களில் ஒலிக்கச் செய்யலாமா? இக்குரலைப் பொறிக்குப் பயிற்றலாமா? இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தனித்தனியே கையெழுத்து வேண்டும். ஒன்றுக்கு இட்டால் மற்றொன்றுக்கு ஆகாது. முதற் படிவத்தை அம்மையாரின் மகளிடம் செயலாளரும் நாமும் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெயர்களை நிறுத்தி எழுதினார். இரண்டாம் கேள்விக்குக் கையெழுத்திட்டார். மூன்றாவதில் 'வேண்டாம்' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார். சென்ற பொங்கல் பாட்டைச் சங்கக் கணிப்பொறியிலிருந்து அன்றே அழித்துவிட்டோம். கைப்பேசியில் வைத்திருப்போரும் அழித்துவிடுமாறு வேண்டுகிறோம்.

இன்று மாலை தொடக்கத்தில் நீங்கள் கேட்ட வரவேற்புப் பாடலுக்கு மெட்டமைத்தவர் நம் ஹார்மோனிய வித்துவான். சொற்கள் நம் சங்கத்து ஆசிரியை ஒருவருடையவை. இருவர் பெயரும் நிகழ்ச்சி நிரலில் பாடலுக்கு நேரே அச்சாகியுள்ளன. வித்துவான் ஒரு குறை சொன்னார்: இனிமேல் 1500 போதாது, 2000 வேண்டும் என்று. பொருளாளர் ஆலோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

படிவங்கள் வாயிலருகே மேசைமேல் உள்ளன. வீட்டில் பழைய நாடா வைத்திருப்போர் போகும்போது ஒன்று எடுத்துச் செல்க.